பதினோராம் பக்கத்தில் விடுபட்ட பாரா

"குடிதண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து கமா மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு கமா அன்றன்றைக்கே உபயோகித்துவிட வேண்டும் புள்ளி." நாயுடு வாசிக்கிறார். மூடிய பாத்திரத்தில். அந்த 'மூடிய'வை எதுக்காக இப்படி அழுத்தறார்? பத்து வருஷமா இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் மூலத்தைக் கமா, புள்ளி உள்பட உரக்கப் படிப்பார், நான் புரூஃபிலே கண்ணை ஓட்டுவேன். கோயில் நோட்டீஸானாலும் கருமாதிப் பத்திரிகையானாலும் ரங்கையா நாயுடுவுக்கு ஒரே குரல்தான், மாவு மில்லு ஓடற மாதிரி. இன்னிக்கு அந்தக் குரல்லே ஏதோ இருக்கு. மூடி வெச்சிருக்கே இல்லையா பஞ்சநதம், எத்தனை நாளைக்கு மூடுவே, அப்படித்தான் என் காதிலே விழுது. அடச்சீ, மனுஷன் தண்ணிப் பானையைப் பத்திப் படிக்கிறார். "பாரா. ஈக்கள் மொய்த்த பண்டங்களை கமா." ஈக்கள் மொய்த்த. சரியா இருக்கு. எழுத்துதான் எனக்குக் கண்ணிலே படும், அர்த்தம் படாது. அர்த்தத்தைப் பாத்தா பிழை நழுவிப் போயிடும்னு முதல் நாளே எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க, நானும் அதைச் சத்தியமாப் பிடிச்சுக்கிட்டேன். புராணம் முழுக்கத் திருத்தியிருக்கேன், கதை கேட்டா தெரியாது. இந்தப் புத்தகத்தை வெள்ளிக்கிழமை ஒரு தரம், நேத்து ஒரு தரம் பாத்தாச்சு, இது மூணாவது. 'யுத்த காலத்தில் பொதுமக்களுக்கான சுகாதார யோசனைகள்', முப்பத்திரண்டு பக்கம், பட்டணத்திலே அச்சானது. பட்டணம்தான் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பாதி காலியாயிடுச்சே, அச்சாபீசெல்லாம் கதவைச் சாத்திட்டான், அதனாலே திருச்சிராப்பள்ளியிலே எங்க தலையிலே வந்து விழுந்தது. அச்சு அசலா அப்படியே வரணும், ஒரு கால் கூடக் கூடாது ஒரு கொம்பு குறையக் கூடாதுன்னு உத்தரவு. அஞ்சாயிரம் பிரதி. நாலு மணிக்குச் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும். சுவர்க் கடியாரத்திலே ரெண்டேகால். புத்தகத்துக்குக் கையெழுத்துப் போட அவர் நேரா வருவானேன், பியூனை அனுப்பினா போதாதா? போன புத்தகத்துக்கு வந்தாரா? வரலியே. இதுக்கு மட்டும் வர்றார். புத்தகத்துக்கு வர்றாரா, எனக்கு வர்றாரா?

வீட்டிலே செண்பகத்துக்கு முத்துப் போட்டிருக்கு. இதை மனசுக்குள்ளே சொல்றதுக்கே அக்கம்பக்கம் பாத்துக்க வேண்டியிருக்கு. ஏழு வயசு. புதன்கிழமை சுரம், சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு நெத்தியிலே ரெண்டு, மோவாயிலே ஒண்ணு, தையல்நாயகி குழந்தை முகத்தைத் திருப்பிப் பாத்தா, என் முகத்தைப் பாத்தா, "அம்மா வந்திருக்கா"ன்னா, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவ என்னோட பேசினது பத்து வார்த்தை இருக்காது. உள் அறையிலே வேப்பிலைப் படுக்கை. வாசல் நிலையிலேதான் வேப்பிலை செருகணும், நான் கெஞ்சி நிலைக்கு உள்பக்கமாச் செருக வெச்சேன், வெளியிலேருந்து பாத்தா தெரியாது. வேப்பிலையை மறைச்சா போதுமா? அம்மா வந்த வீட்டிலே தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் கேக்கக் கூடாது. எங்க வரகனேரித் தெருவிலே காலையிலே எட்டு மணிக்கு ஒவ்வொரு வீட்டிலேயும் கடுகு வெடிக்கும், எதிர்வீட்டு அகிலாண்டத்துக்கு மூக்கும் காதும் பாம்புக்குச் சமானம், மூணு நாளா நம்ம வீட்டிலேருந்து சத்தம் வரலேன்னா அவ கணக்குப் போட மாட்டாளா? "ஒரு சொட்டு எண்ணெயை விட்டு நாலு கடுகை மட்டும் வெடிக்க வெச்சுக் கொட்டிடேன், சாப்பாட்டிலே போட வேண்டாம்"னு தையல்கிட்டே சொல்லிப் பாத்தேன். அவ பாத்த பார்வை இருக்கே. கருமாரியே நேரிலே நின்னு பாத்த மாதிரி இருந்தது. "ஏற்கெனவே ஒருத்தனைக் குடுத்தாச்சு. இன்னும் எதையாவது பண்ணி அவளைக் கோவப்படுத்தணுமா?" ஒருத்தனைக் குடுத்தாச்சு. மூத்தவன் திருஞானம். அஞ்சு வயசு அவனுக்கு. எட்டு வருஷம் முன்னாலே இதே மாதிரி முத்து, இதே மாதிரி வேப்பிலை, மூணாம் நாள் வாசல்லே சர்க்கார் வண்டி வந்து நின்னது. யாரோ சொல்லியிருக்காங்க. ஊருக்கு வெளியே கீத்துக் கொட்டகை, தாய்க்குக் கூட அனுமதியில்லே, அஞ்சாம் நாள் ஒரு ஆள் வந்து ஆயிடுச்சுன்னு தகவல் சொன்னான். முகத்தைக் கூடக் காட்டலே. யார் சொன்னது? எட்டு வருஷமாத் தெருவிலே ஒவ்வொரு முகமா நான் புரூஃப் பாக்கறேன். அகிலாண்டமா, பால்காரியா, வாடகை ஏத்தலேன்னு கறுவிக்கிட்டிருந்த வீட்டுக்காரனா? ஒருத்தன் சிரிச்சாலும் சந்தேகம், சிரிக்காட்டி அதைவிடச் சந்தேகம். செண்பகத்துக்கு அம்மை குத்தினவன் வந்தப்போ குத்திக்கிட்டது நிஜம், அவன் தெருக்கோடி திரும்பறதுக்குள்ளே தையல் முந்தானையாலே துடைச்சு வேப்பிலைச் சாறைத் தடவிட்டா, அடுத்த நாள் அவ தங்கைக்குக் கல்யாணம், குழந்தைக்குச் சுரம் வந்துடுமாம். நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? வாயிலே கொழுக்கட்டையா வெச்சிருந்தேன்? சின்னவனுக்குப் பத்து மாசம், அவனுக்கு அடுத்த தரம் பாத்துக்கலாம்னு விட்டாச்சு. அவன் அக்கா பக்கத்திலே போகணும்னு நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு அழறான். இல்லே, செண்பகத்தை விட மாட்டேன். இந்தத் தரம் வண்டி வரக் கூடாது. வண்டி வராம இருக்கணும்னா யாருக்கும் தெரியக் கூடாது. இருபது நாள். அதிலே மூணு போயிடுச்சு.

"பிள்ளைவாள், கவனம் எங்கே? நான் ரெண்டு வரி தாண்டிட்டேன்." நாயுடு என்னைப் பாக்கறார். "தொண்டை கட்டியிருக்கு, நீங்க படிங்க"ன்னேன். தொண்டை கட்டினா காது கேக்காதான்னு அவர் திருப்பிக் கேக்கலே. வேற நாளா இருந்தா கேட்டிருப்பார், கேட்டுட்டு இருமி இருமிச் சிரிப்பார். நேத்துக் காலையிலே வந்ததும் ஸ்டூலை ஒரு முழம் பின்னாலே தள்ளிப் போட்டுக்கிட்டார். வெளிச்சம் கண்ணைக் கூசுதாம். பத்து வருஷமாக் கூசாத வெளிச்சம். நம்ம மூக்குப்பொடி டப்பியை நீட்டினா, "வேண்டாம், விட்டுட்டேன்"ங்கறார், ரங்கையா நாயுடு பொடியை விடறதாவது, காவேரி மேற்கே பாயறதாவது. இடது கையை அங்கவஸ்திரத்தாலே மூடி மூடி வெச்சுக்கறார், அதுக்குள்ளே என்ன ஒளிச்சு வெச்சிருக்கார்? ஏதாவது காகிதமா? மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் ஊறுகாயை நீட்டுவேன், அவர் பருப்புத் துவையலை நீட்டுவார், அது ஒரு வழக்கம். ரெண்டு நாளாச் சுவரைப் பாத்து உக்காந்து தனியாச் சாப்பிடறார். நானும் வேற பக்கம் திரும்பித்தான் சாப்பிட்டேன், என் அடுக்கிலே வெறும் மோர்ச் சோறு, ஒரு கடுகு கிடையாது, கறிவேப்பிலை கிடையாது, அதைப் பாத்தா எவனுக்கும் விளங்கிடும். முன்னாலேயே எவனாவது சொல்லி, இதையும் நேத்து எட்டிப் பாத்துட்டாரா? அதான் தள்ளி உக்காந்திருக்கார். அதான் பொடி வேண்டாம். சரி, தெரிஞ்சவன் நேரா என்கிட்டே கேக்கலாமில்லே? கேக்க மாட்டார். அன்னிக்கும் இதே அச்சாபீசுதான், இதே ஸ்டூல்தான், திருஞானத்துக்கு உடம்பு சரியில்லேன்னு நான் ஒரு வார்த்தை இவர்கிட்டே சொன்னேனா இல்லையா? சொன்னேனோ? மூணாம் நாள் வண்டி வந்தது. ஐயோ, இத்தனை வருஷம் தெரு முழுக்கத் தேடிட்டு எதிர்லே உக்காந்திருக்கற மூஞ்சியை விட்டுட்டேனே. மனசுக்குள்ளே 'அவன்' ஆயிட்டார் நாயுடு, வாயிலேதான் 'அவர்'. "பக்கம் பதினொன்று. தலைப்பு. தொற்று நோய்கள்." இந்தப் பக்கம் தெரியும். முதல் பாரா பொது விஷயம், ரெண்டாவது பாரா 'வீட்டில் எவருக்கேனும் வைசூரி கண்டால், இருபத்துநான்கு மணி நேரத்திற்குள்'னு ஆரம்பிக்கும், வைசூரிங்கறது நம்ம வீட்டு முத்துக்குச் சர்க்கார் வெச்ச பேரு. நேத்து அந்த வரியைப் பாத்தப்போ கையை வேஷ்டியிலே துடைச்சுக்கிட்டு, மிச்சத்தை எழுத்து எழுத்தா எண்ணி முடிச்சேன், கட்டெறும்பை எண்ணற மாதிரி. இப்போ சத்தமாப் படிக்கப் போறார், என் கண்ணைப் பாத்துக்கிட்டே படிக்கப் போறார், என் முகம் எப்படிப் போகுதுன்னு பாக்கறதுக்குத்தான் காத்திருக்கார். குனிஞ்சுக்கிட்டேன். "தொற்று நோய்கள் காற்றினாலும் தண்ணீராலும் கமா நோயாளியின் துணிமணிகளாலும் பரவும் புள்ளி. பாரா." நாயுடு கனைச்சுக்கிட்டார். "பிளேக் நோயைப் பரப்புகிற எலிகளை கமா." எலிகளை? எங்கே வைசூரி? கண்ணாலே தேடறேன், புரூஃபிலே இருக்கு, பதினோரு வரி, கறுப்பா, முழுசா இருக்கு. அவர் படிக்கலே. அதைத் தாண்டி எலிக்குப் போயிட்டார்.

வாயைத் திறந்து "நாயுடு, ஒரு பாரா விட்டுப் போச்சு"ன்னு சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேனா? பேசாம எலியோட கூடவே போனேன். இது பொறி. எலியைப் பிடிக்கிற பொறியைப் பத்திப் படிச்சுக்கிட்டே எனக்குப் பொறி வெக்கறார். நான் சொன்னா, "அடடே, நீங்களே படிச்சுடுங்க பிள்ளைவாள்"ம்பார், நான் படிக்கறச்சே நாக்கு குழறும், பிடிச்சுப்பார். சொல்லாம விட்டா, பிழையைக் கண்ணாலே பாத்துட்டு விட்டவன் எதையோ மறைக்கிறான்னு தீர்மானம் பண்ணிப்பார். ரெண்டு பக்கமும் அடி, மத்தளம் மாதிரி. இல்லே, வயசாயிடுச்சு, கண்ணு தப்பி வரி தாண்டிட்டார், அவ்வளவுதான். பத்து வருஷத்திலே ஒரு வரி தாண்டாதவர் இந்தப் பாராவைத்தானா தாண்டுவார்? கட்டை விரலை அந்த இடத்திலே வெச்சு மூடிக்கிட்டிருக்காரே, அதைப் பாக்கலியா நான்? மூணு மணிக்கு நாயுடு எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அவர் சாப்பாட்டு அடுக்கு ஜன்னல் மேலே இருந்தது. நான் அப்படிப்பட்டவன் இல்லே, இன்னொருத்தன் அடுக்கைத் திறந்து பாக்கற வம்சமில்லே எங்களது. திறந்தேன். மிச்சம் வெச்ச சோறு. வேக வெச்ச பருப்பு, மஞ்சள் கூட இல்லே. மோர், வெள்ளை வெளேர்னு. கடுகு இல்லே. விரலை விட்டுக் கிளறிக் கூடப் பாத்தேன், ஒரு கடுகு இல்லே, ஒரு மிளகாய் இல்லே. நாயுடு வீட்டுச் சமையல் எனக்குத் தெரியாதா, காரமில்லேன்னா அந்த மனுஷனுக்குச் சோறு இறங்குமா? அவர் வீட்டிலேயும் அம்மா வந்திருக்கா. மூடியைச் சாத்தினேன். முதல்லே வந்தது என்னன்னு சொல்றேன், வெக்கக்கேடு, சந்தோஷம்தான் வந்தது. நான் மட்டுமில்லே. அடுத்த நிமிஷமே வேற ஒண்ணு வந்தது. பத்து நாள் முன்னாலே செண்பகத்துக்குன்னு கொய்யாப்பழம் குடுத்தாரே! மகள் பட்டணத்திலேருந்து பிள்ளைகுட்டியோட வந்திருக்கா, அவ கொண்டு வந்ததுன்னாரே! அடப்பாவி மனுஷா, உன் வீட்டிலேருந்துதான் என் வீட்டுக்கு வந்திருக்கு. அதுக்கும் அடுத்த நினைப்பு. இன்ஸ்பெக்டர் வர்றார். யார் முந்திக்கிறானோ அவன் பிழைச்சான். நாயுடு என்னைக் காட்டிக் குடுத்தா வண்டி வரகனேரிக்கு வரும். நான் நாயுடுவைக் காட்டிக் குடுத்தா வண்டி அவர் தெருவுக்குப் போகும், இன்ஸ்பெக்டருக்கு ஒரு வீடு கிடைச்சா போதும், அடுத்த வீட்டை எதுக்குத் தேடப் போறார்? அதுக்கப்புறம் நாயுடு என்ன சொன்னாலும் வன்மத்திலே சொல்றான்னு ஆயிடும். கடியாரம் மூணேமுக்கால். செண்பகத்துக்காகத்தான். இது எனக்காகவா பண்றேன்? என் குழந்தைக்காக.

இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு சைக்கிள்லே வந்து இறங்கினார். காரியர்லே ஒரு தகரப் பெட்டி, வேர்வையிலே முதுகு பூராச் சட்டை ஒட்டியிருக்கு, பட்டணத்துக் கூட்டம் வந்து இறங்கினதிலேருந்து நாள் பூரா அலைச்சல்னு சொல்லிக்கிட்டே உக்காந்தார். "முடிஞ்சுதா? வரி விடாமப் பாத்தாச்சா? இந்தத் தரம் நானே பாக்கணும்னு வந்தேன், போன ஊர்லே மருந்து அளவை மாத்தி அச்சடிச்சுப் பிராணனை வாங்கிட்டான்." ஓ, அதுக்குத்தானா. அப்போ எனக்காக வரலே. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனா வாய் முந்திக்கிச்சு. "எல்லாம் ஆச்சு சார், பதினோராம் பக்கத்திலே ஒரு பாராவை மட்டும் நாயுடு படிக்கலே. வைசூரி பாரா. ஏன் படிக்கலேன்னு அவரைத்தான் கேக்கணும். அவர் சாப்பாட்டிலே ரெண்டு நாளாக் கடுகு கூட இல்லே." சொல்லிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கலே, எவனோ கோள் சொல்ற மாதிரி இருந்தது. நாயுடு தலை நிமிரலே. இன்ஸ்பெக்டர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பாத்தார். "அவர் வீட்டு விஷயம் எனக்குத் தெரியுமே ஐயா. பேரனுக்கு முத்து கண்ட அன்னிக்கே, ஞாயித்துக்கிழமைன்னு கூடப் பாக்காம, என் வீட்டு வாசல்லே வந்து நின்னார். சாயங்காலமே போய் வீட்டிலே இருந்த அத்தனை பேருக்கும் குத்தியாச்சு. இவருக்குப் பழைய தழும்பு இருக்கு, புதுசாவும் குத்தினேன், வேலைக்குப் போகலாம்னு நான்தான் சொன்னேன், தள்ளி உக்காரும், எதையும் வாங்கித் தின்னாதீரும்னு மட்டும் சொல்லியிருக்கேன். சொன்னவனாலே ஊருக்கு ஒண்ணும் வராது. சொல்லாம நடமாடறானே, அவன்தான் எமன்." அங்கவஸ்திரம் விலகி நாயுடு கை தெரிஞ்சது, குத்தின இடம் சிவந்து வீங்கியிருக்கு. "சரி நாயுடு, பாராவை ஏன் விட்டீர்? அதுதானே ஐயா இந்தப் புத்தகத்திலேயே முக்கியம்?" நாயுடு மெதுவாச் சொன்னார், "தப்புதான் சார். வெள்ளிக்கிழமை படிச்சேன், அப்பவே பிள்ளைவாள் முகம் ஒரு மாதிரி ஆச்சு. நேத்து அந்த வரி வந்ததும் அவர் கையை வேஷ்டியிலே துடைச்சுக்கிட்டதைப் பாத்தேன். அவர் மூத்த பையன் அந்தக் கொட்டகையிலேதான் போனான். திரும்பத் திரும்ப அவர் காது கேக்க அதைப் படிக்க எனக்கு மனசு வரலே. அவர் போனப்புறம் நானே தனியா ஒத்துப் பாத்துக்கலாம்னு இருந்தேன்." நான் செத்தேன். உக்காந்த இடத்திலேயே செத்தேன். பூமி பிளந்தா உள்ளே போயிடுவேன், திருச்சியிலே பூமி எங்கே பிளக்குது, எல்லாம் பாறை. "அதெல்லாம் சரி, ஒத்துப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க படிங்க, நான் மூலத்தை வெச்சுப் பாக்கறேன்"னு இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டினார். படிச்சேன். "வீட்டில் எவருக்கேனும் வைசூரி கண்டால் கமா இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் புள்ளி. தவறுவது குற்றமாகும் புள்ளி." இது வரைக்கும் தெரியும். இதுக்கு மேலே ரெண்டு தரம் என் கண்ணு போயிருக்கு, நான் போகலே. "தனி அறையுள்ள வீடுகளில் நோயாளி வீட்டிலேயே இருந்து சிகிச்சை பெற அனுமதிக்கப்படுவார் புள்ளி." என்னது? வீட்டிலேயே? இது எப்போ வந்தது? இது வெள்ளிக்கிழமையும் இருந்ததா? "நிறுத்தாதீங்க"ன்னார் இன்ஸ்பெக்டர். "அதே வீட்டில் வசிக்கும் மற்றவர்கள் கமா விசேஷமாகக் குழந்தைகள் கமா முத்து கண்ட மூன்று தினங்களுக்குள் அம்மை குத்திக்கொண்டால் பெரும்பாலும் நோய்க்குத் தப்புவார்கள் புள்ளி. நாள் கடந்தபின் குத்துவதால் பலன் குறைவு புள்ளி." சின்னவன். நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற பத்து மாசம். மூணு தினங்கள். சனி ராத்திரி ஒண்ணு, ஞாயிறு ரெண்டு, இல்லே, சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்திலேருந்து ஞாயிறு விளக்கு வைக்கிற நேரம் ஒண்ணு, திங்கள் ரெண்டு, செவ்வாய் மூணு. இன்னிக்குச் செவ்வாய்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, தொப்பியை மாட்டிக்கிட்டு, வாசல்படி இறங்கி, சைக்கிளைத் திருப்பினார். அத்தனையும் நான் பாத்துக்கிட்டிருந்தேன். சொன்னா என்ன ஆகும்? வீட்டிலேயே வெச்சுக்கலாம்னு புத்தகத்திலே போடுவான், வாசல்லே வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துவான், அச்சடிச்சதெல்லாம் நடக்குதா? நாயுடு பேரனை எடுத்துட்டுப் போகலியே, அவர் வீட்டிலே இன்னிக்கும் தாளிக்கலியே. அது நாயுடுவுக்கு, தானாப் போய்ச் சொன்னவருக்கு. மூணு நாள் மறைச்சவனுக்கு? ஞாயித்துக்கிழமைதான் கண்டதுன்னு சொல்லிடலாமா, ஒரு நாள் குறைச்சு? பாழாப் போற புத்தி, இப்பவும் அதுக்கு வேலை நிக்கலே பாரு. "சார்!" கத்தினேன் போலிருக்கு, கம்போஸிங் அறையிலே எல்லாரும் திரும்பினாங்க. "என் வீட்டிலேயும் இருக்கு சார். பொண்ணுக்கு. சனிக்கிழமை சாயங்காலம். பத்து மாசக் குழந்தை ஒண்ணு இருக்கு, குத்தலே." இன்ஸ்பெக்டர் ஒண்ணும் திட்டலே. திட்டியிருந்தா தேவலை. "மறைச்சதுக்கு நீர் நாளைக்கு ஆபீசுக்கு வந்து பதில் சொல்லணும்"னார், தகரப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, "குத்தற பால் இதிலேயே இருக்கு, ஏறும்"னார். நாயுடு பக்கம் திரும்பிப் பாக்க எனக்கு முகமில்லே, "போங்க பிள்ளைவாள், போங்க"ன்னு அவர் குரல் மட்டும் வந்தது. அம்மைப்பால் பெட்டியை மடியிலே வெச்சுக்கிட்டு ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தன் பின்னாலே சைக்கிள் காரியர்லே நான் போறேன், தெரு பூராப் பாக்குது, அகிலாண்டம் வாசலுக்கே வந்துட்டா, பாக்கட்டும். கதவைத் தட்டினேன். "யாரு?" "நான்தான். திற." தையல் கதவுக்குக் கீழே குனிஞ்சு பாத்திருக்கா. "கூட யாரோ நிக்கறாங்க. கீழே பூட்ஸு தெரியுது." யாரு வந்தாலும் திறக்காதேன்னு மூணு நாளா நான்தான் அவளுக்குப் பாடம் படிச்சேன். "தையல், இங்கே கேளு. செண்பகத்தை எடுத்துட்டுப் போக மாட்டாங்க. புத்தகத்திலேயே போட்டிருக்கு, நானே படிச்சேன். தம்பிக்குக் குத்தணும், இன்னிக்கே குத்தணும், பொழுது போனா பிரயோஜனமில்லே. திற." கதவுக்கு அந்தப் பக்கம் அவ மூச்சு விடறது கேக்குது. சொன்னா, "அன்னிக்கும் இதே கதவுக்கு வெளியிலே நின்னு இதையேதான் சொன்னீங்க. எடுத்துட்டுப் போக மாட்டாங்க, பாத்துட்டுப் போயிடுவாங்க, திறன்னீங்க. திறந்தேன்." ஆமா. சொன்னேன். வண்டியோட வந்தவன் சொன்னதை நம்பி நான் சொன்னேன், நான் சொன்னதை நம்பி அவ திறந்தா. எட்டு வருஷமா இதை மட்டும் நான் நினைச்சுப் பாக்கலே. "ஆமா தையல்"னேன். "திறக்க வேண்டாம். ஜன்னல் வழியாத் தம்பி கையை மட்டும் நீட்டு." இன்ஸ்பெக்டரும் ஜன்னல் பக்கம் போய், தலையைக் குனிஞ்சு, "கை மட்டும் போதும்மா"ன்னார். வெயில் சுவரிலே பாதிக்கு மேலே ஏறிடுச்சு. உள்ளே சின்னவன் சிணுங்கறான், தையல் ஏதோ முணுமுணுக்கறா, அம்மாகிட்டேதான் கேக்கறாளோ என்னவோ. ஜன்னல் கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்தது. கம்பிக்கு நடுவாலே, வளையல் போட்ட அவ கை பிடிச்சுக்க, குண்டு குண்டா ஒரு சின்னக் கை வெளியே வந்தது. இன்ஸ்பெக்டர் சைக்கிளைச் சுவத்திலே சாத்திட்டு என் கையிலேருந்த பெட்டியைத் திறந்தார்.